ஸ்ப்ரே பெயின்ட் டப்பா மக்கர் பண்ணினா தூக்கிப் போடறதுக்கு முன்னாடி

அம்மாவோட தையல் மெஷின் ஸ்டாண்டுக்கு பெயின்ட் அடிக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன். வார்ப்பிரும்பு ஸ்டாண்டு, ரெண்டு பக்கமும் கொடி மாதிரி வளைஞ்சு வளைஞ்சு வேலைப்பாடு, கீழ மிதி, ஓரத்துல பெரிய சக்கரம், இதுல பிரஷ் வெச்சு அடிச்சா சந்துக்குள்ள எல்லாம் போகாது, போனாலும் வழிஞ்சு கட்டி கட்டியா நின்னுடும். அதான் ஸ்ப்ரே டப்பாவுல அடிச்சிடலாம்னு எறங்கினேன். ரெண்டு நாள் வேலைன்னு நெனச்சது கிட்டத்தட்ட மூணு வாரம் இழுத்துடுச்சு, அஞ்சு டப்பாவுல நாலு டப்பா ஏதோ ஒரு விதத்துல மக்கர் பண்ணுச்சு. ஆனா ஏன் இப்படி ஆகுதுன்னு ஒவ்வொண்ணா பாத்து சரி பண்ணதுல அந்த டப்பாவுக்குள்ள என்ன நடக்குதுன்னு நல்லா புரிஞ்சுபோச்சு, அது புரிஞ்சுட்டா பாதி டப்பாவ காப்பாத்திடலாம்.

உள்ள இருக்கறது இவ்வளவுதான். பெயின்ட், அத கரைச்சு வெச்சிருக்கற சால்வென்ட், அழுத்தத்துனால திரவமாவே இருக்கற கேஸ் (புரொப்பேன், பியூட்டேன், சிலதுல டைமெத்தில் ஈதர்), கலக்கறதுக்கு ஒரு குண்டு. மேல ஸ்பிரிங் வெச்ச வால்வு, அதுல இருந்து அடி வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் ட்யூப், வால்வுக்கு மேல நாம விரல் வெச்சு அமுக்கற, சின்ன ஓட்டை இருக்கற நாசில். நாம அமுக்கினதும் வால்வு தொறக்குது, மேல நிக்கற கேஸ் பெயின்ட்ட ட்யூப் வழியா தள்ளுது, நாசிலத் தாண்டி வெளிய வந்த நிமிஷமே அதோட கலந்திருக்கற திரவ கேஸ் சட்டுனு ஆவியாகி பெயின்ட்ட புகை மாதிரி பொடிப்பொடியா உடைக்குது. அப்போ கோளாறுன்னு வந்தா பெயின்ட் சரியா கலக்கலையா, நாசில் அடைச்சிருக்கா, வால்வா, இல்ல அழுத்தம் போச்சா, இந்த நாலுல ஒண்ணுதான்.

மொத டப்பா ஒரு பழைய பிரைமர் (கலருக்கு முன்னாடி அடியில அடிக்கற பெயின்ட்), ரெண்டு வருஷமா அலமாரியில நின்னுட்டே இருந்தது. ஆட்டிப் பாத்தேன், குண்டு சத்தமே வரல. அடியில கலர் பொடி எல்லாம் இறுகி குண்ட புடிச்சு வெச்சிருக்கு. நெறைய பேர் இந்த இடத்துலயே, சரி ஆட்டியாச்சுல்லன்னு அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க, அப்படி அடிச்சா வெறும் சால்வென்ட்டும் கேஸும்தான் தண்ணியா வரும், அடியில இருக்கற கட்டி ட்யூப் வாயில போய் அடைச்சிக்கும். நான் ராத்திரி முழுக்க தலைகீழா நிக்க வெச்சேன், காலைல கை பொறுக்கற சூட்டுல தண்ணி எடுத்து அதுல பத்து நிமிஷம் வெச்சு, அப்புறம் செங்குத்தா குலுக்காம மணிக்கட்ட சுழட்டி அடியில இருக்கறது கரையற மாதிரி சுத்தி சுத்தி ஆட்டினேன். கொஞ்ச நேரத்துல டக்னு ஒரு சத்தம், குண்டு கழண்டுடுச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு நிமிஷம் ஆட்டணும், டப்பா மேல ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம்னு போட்டிருக்கறது எல்லாம் குண்டு சத்தம் கேட்ட அப்புறம் எண்ண வேண்டிய நேரம், நான் அத்தன நாளா ஆட்ட ஆரம்பிச்சதுல இருந்து எண்ணிட்டு இருந்தேன்.

பிரைமர் வந்துச்சு, ஆனா துப்பித் துப்பி வந்துச்சு, நடுவுல நடுவுல மிளகு சைஸுக்கு சொட்டு விழுந்துச்சு. நாசில் ஓட்டைல ஊசிய விட்டு குத்தினேன், அது பெரிய தப்பு. அந்த ஓட்டையோட அளவும் வடிவமும்தான் ஸ்ப்ரே எப்படி விரியணும்னு முடிவு பண்ணுது, ஊசி அத பெருசாக்கிடுச்சு, அப்புறம் புகையா வராம பீச்சாங்குழல் மாதிரி நேரா ஒரு கோடா அடிச்சுது. மெக்கானிக் ஷெட்டுல வண்டிக்கு பெயின்ட் அடிக்கற பிரெண்டு ஒருத்தன் இருக்கான், போன் போட்டேன், விஷயத்தக் கேட்டதும் "டேய் ஊசிய கீழ வை மொதல்ல, டப்பா மேல குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அந்த நாசில கழட்டி அடுத்த டப்பாவுல மாட்டிப் பாருடா"ன்னான்.

எனக்கு இந்த மூணு வாரத்துல கெடச்சதுலயே பெரிய விஷயம் இந்த ஒரு வரிதான். சந்தேகமா இருக்கற நாசில நல்லா வேலை செய்யற டப்பாவுல மாட்டுங்க, அங்கயும் வரலைன்னா நாசில்தான் அடைப்பு, அங்க நல்லா வந்துச்சுன்னா பழைய டப்பாவோட வால்வுலயோ ட்யூப்லயோ கோளாறு. கழட்டறப்போ நேரா இழுக்காம லேசா திருகி மேல தூக்கணும், மாட்டறப்போவும் திருகிட்டே மாட்டணும், அப்படியே அமுக்கினா பெயின்ட் பீச்சி மூஞ்சில அடிக்கும். இன்னொண்ணு, எல்லா நாசிலும் எல்லா டப்பாவுக்கும் சேராது. சிலதுல நாசிலுக்கு அடியிலேயே குட்டிக் குழாய் நீட்டிட்டு இருக்கும், டப்பாவுல வெறும் ஓட்டை மட்டும் இருக்கும், சிலதுல டப்பாவுல இருந்து குழாய் நீட்டிட்டு இருக்கும், நாசில்ல ஓட்டை இருக்கும், ரெண்டையும் மாத்தி மாட்ட முடியாது. அடைச்ச நாசில ஒரு சின்ன கண்ணாடி பாட்டில்ல பெயின்ட்ட கரைக்கற தின்னர் ஊத்தி அரை மணி நேரம் ஊற வெச்சாலே போதும், தண்ணி பேஸ் பெயின்ட்டா இருந்தா காயறதுக்குள்ள வெதுவெதுப்பான தண்ணி. டப்பா மேல இருக்கற வால்வு ஓட்டைக்குள்ள மட்டும் ஊசி, கம்பி எதையும் விடவே கூடாது, உள்ள அழுத்தத்துல கேஸ் இருக்கு, அதுவும் தீப்பிடிக்கற கேஸ்.

பிரைமர் அடிச்ச சில இடத்துல குழி குழியா வட்டம் விட்டுச்சு, பெயின்ட் ஒதுங்கி நிக்குது. அது டப்பா தப்பு இல்ல, வருஷக்கணக்கா சக்கரத்துக்கும் மிதிக்கும் விட்ட மெஷின் ஆயில். தொடச்சிட்டேன்னுதான் நெனச்சேன், ஆனா ஒரே துணிய வெச்சு எல்லா பக்கமும் தொடச்சதுல ஆயில் பரவிதான் இருக்கு. அந்த இடத்த மட்டும் உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, தின்னர்ல நனைச்ச துணிய மாத்தி மாத்தி தொடச்சப்புறம் குழி வரல.

அடுத்தது கருப்பு. புது டப்பா, நல்லா ஆட்டி, ஒரு இருபத்தஞ்சு சென்டிமீட்டர் தள்ளி வெச்சு, ஸ்டாண்டுக்கு வெளிய ஆரம்பிச்சு அந்தப் பக்கம் வெளிய போய் விடுற மாதிரி அடிச்சேன், அவ்வளவு அழகா உக்காந்துச்சு. அந்த சந்தோஷத்துல நிறுத்தாம அடிச்சுட்டே போனதுல ஒரு அஞ்சாறு நிமிஷத்துல டப்பா கையில ஐஸ் மாதிரி ஆயிடுச்சு, வெளிப்பக்கம் வேர்த்துடுச்சு, ஸ்ப்ரே சோர்ந்துபோய் மறுபடியும் சொட்டு விழ ஆரம்பிச்சுது. காரணம் சிம்பிள், உள்ள இருக்கற திரவம் ஆவியாகறதுக்கு சூடு வேணும், அத டப்பாகிட்ட இருந்தே எடுத்துக்குது, டப்பா குளிர்ந்தா அழுத்தம் கொறையுது, அழுத்தம் கொறஞ்சா பெயின்ட் பொடியா உடையாது. அதுக்கு ரெண்டு டப்பாவ பக்கத்துல வெச்சுட்டு மாத்தி மாத்தி அடிக்கறதுதான் நல்லது, ஒண்ணு அடிக்கறப்போ இன்னொண்ணு பழைய சூட்டுக்கு வந்துடும். அவசரம்னா வெதுவெதுப்பான தண்ணி, நாப்பது டிகிரிக்கு மேல வேண்டாம். அடுப்பு, ஹீட்டர், வெயில்ல நிக்கற கார் பக்கமே கொண்டுபோகாதீங்க, 50 டிகிரிக்கு மேல சூடாகக் கூடாதுன்னு டப்பாவுலயே போட்டிருக்கறது சும்மா இல்ல, வெடிக்கும்.

வேலைப்பாட்டோட அடிப்பக்கம் அடிக்கறப்போதான் ஒரு டப்பாவ நானே கொன்னுட்டேன். குனிஞ்சு, டப்பாவ கிட்டத்தட்ட தலைகீழா புடிச்சு மேல் பாத்து அடிச்சேன், கொஞ்ச நேரம் வந்துச்சு, அப்புறம் புஸ்ஸுனு வெறும் கேஸ் மட்டும். தலைகீழா ஆனா ட்யூப் வாய் பெயின்ட்டுக்கு வெளிய வந்துடும், கேஸ் மட்டும் வெளியேறும். திருப்பித் திருப்பி அப்படியே அமுக்கினதுல கேஸ் எல்லாம் போச்சு, ஆட்டிப் பாத்தா கால் டப்பா பெயின்ட் தளும்புது, ஆனா தள்ள ஆள் இல்ல. இதுக்கு வைத்தியம் கெடையாது. ஓட்டை போட்டு எடுத்துடலாம்னு யாராவது சொன்னா செஞ்சுடாதீங்க, ஒரு பொறி போதும். அதுக்கப்புறம் நான் டப்பாவ சாய்க்கறத விட்டுட்டு ஸ்டாண்டையே கவுத்துப் போட்டு அடிச்சேன். லேசா சாய்ச்சு அடிக்க வேண்டி இருந்தா, உள்ள ட்யூப் ஒரு பக்கமா வளைஞ்சு அடி மூலைல இருக்கும், சில டப்பாவுல அது எந்தப் பக்கம்னு காட்ட மேல வளையத்துல சின்னதா ஒரு புள்ளி வெச்சிருப்பாங்க, நாசில திருப்பி அந்தப் பக்கத்தையே பாக்க வெச்சுட்டா கடைசி சொட்டு வரைக்கும் எடுக்கலாம்.

நாலாவது டப்பா பயமுறுத்திடுச்சு. விரல எடுத்துட்டேன், ஸ்ஸ்ஸுனு சத்தம் மட்டும் நிக்கல, நாசில் ஓரமா கருப்பு நுரை பொங்குது. வால்வு மூடற இடத்துல பெயின்ட் துணுக்கு மாட்டிக்கிட்டா இப்படித்தான் ஆகும். வெட்டவெளிக்கு தூக்கிட்டு ஓடினேன், நாசில கழட்டி டப்பாவ தலைகீழா வெச்சு மறுபடி நாசில மாட்டி மூணு நாலு தடவை படக் படக்னு அமுக்கினேன், கேஸ் வேகத்துல துணுக்கு போயிருக்கணும், சத்தம் நின்னுச்சு. நிக்கலைன்னா நெருப்பு, சுவிட்ச் எதுவும் இல்லாத வெளி இடத்துல வெச்சு முழுசா காலியாக விட்டுடணும். இந்த கேஸ் காத்த விட கனம், தரையோட தரையா பரவி நிக்கும், அதனாலதான் மூடின ரூம்ல இந்த வேலையே வேண்டாம்னு சொல்றேன். துணி மாஸ்க் துளிய வேணா தடுக்கும், சால்வென்ட் ஆவிய தடுக்காது, அதுக்கு கரி ஃபில்டர் வெச்ச மாஸ்க்தான்.

கடைசியா வாங்கின அடி என் அவசரத்துனால. ராத்திரி அடிச்ச கருப்பு காலைல தொட்டா ஒட்டல, காஞ்சிடுச்சுன்னு அடுத்த கோட்டு அடிச்சேன், பாத்துட்டு இருக்கறப்போவே காய்ச்சின பால் மேல ஆடை சுருங்கற மாதிரி மொத்தமா சுருங்கிடுச்சு. இந்த கருப்பு எனாமல் பெயின்ட், வெளிய காஞ்சாலும் உள்ள ஈரம்தான், புது கோட்டோட சால்வென்ட் உள்ள எறங்கி கீழ் கோட்ட ஊதவெச்சு தூக்கிடுது. என் டப்பாவுல தெளிவா போட்டிருக்கு, ஒரு மணி நேரத்துக்குள்ள அடி, இல்லேன்னா 48 மணி நேரம் கழிச்சு அடி. நாலு நாள் காய விட்டு, உப்புத்தாள் போட்டு வழிச்சு, அந்தப் பக்கம் முழுக்க மறுபடி அடிச்சேன்.

அந்த நாலு நாள்லதான் இந்த ஸ்ப்ரே டப்பாவோட கதையப் படிச்சேன். கேஸ் அழுத்தத்துல பீச்சற இந்த ஏரோசால் டப்பாவுக்கு வித்து போட்டவர் எரிக் ரோத்ஹெய்ம்னு நார்வே நாட்டு இன்ஜினியர், 1920கள் கடைசில. அதுல பெயின்ட்ட அடைச்சவர் அமெரிக்காவோட இலினாய்ஸ்ல பெயின்ட் கம்பெனி வெச்சிருந்த எட்வர்ட் சீமோர், 1949ல, தன்னோட அலுமினியம் பெயின்ட்ட ஆளுங்களுக்கு அடிச்சுக் காட்ட வசதியா இருக்கணும்னு, யோசனை சொன்னது அவர் மனைவி.

இப்போ ஒவ்வொரு தடவையும் அடிச்சு முடிச்ச உடனே டப்பாவ தலைகீழா புடிச்சு மூணு நாலு செகண்ட் அமுக்கறேன், நாசில்ல இருந்து கலர் இல்லாம வெறும் கேஸ் வர்ற வரைக்கும் மட்டும், அதுக்கு மேல போனா கேஸ் வீண். அப்புறம் நாசில் மூக்க துணியால தொடச்சு மூடி போட்டுடறேன். மிதில ஒரு ஓரம் செருப்பு பட்டு உரிஞ்சிருந்தது, முந்தாநேத்து அஞ்சாவது டப்பாவ எடுத்து ஆட்டினேன், குண்டு கலகலன்னு ஓடுது, அமுக்கினதும் மொத தொடுதல்லயே புகையா வந்து உக்காந்துச்சு. அம்மா வந்து மிதிய சுத்தி சுத்தி பாத்துட்டு, "எப்போ காயும், ஒரு தலையணை உறை பாதியில நிக்குது"ன்னாங்க. 48 மணி நேரம் பொறுங்கம்மான்னு சொல்லியிருக்கேன்.