கூடிய ரத்தமும் குறைந்த எண்ணும்

கருவுற்ற பத்தாவது வாரத்தில் 12.1 கிராமாக இருந்த என் ஹீமோகுளோபின், இருபத்தெட்டாவது வாரத்தில் 10.2 ஆகக் குறைந்திருந்தது. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் தவறாமல் உண்டு வந்தவள் நான். ஆயினும் “ஒழுங்காச் சாப்பிட்டா ஏம்மா ரத்தம் குறையப் போகுது?” என்று அத்தை கேட்டபோது, குற்றம் என்னுடையதுதான் என்றே நம்பிவிட்டேன்.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர்தான் அந்த எண்ணுக்குப் பொருள் சொன்னார். கர்ப்பகாலத்தில் தாயின் ரத்தம் குறைவதில்லை. முன்பிருந்ததைவிட ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. ஆனால் சிவப்பணுக்கள் பெருகுவதைவிட வேகமாக, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகுவதால், இரண்டு பேருக்கு வைத்த ரசத்தை மூன்றாமவருக்காக விளாவியதுபோல ரத்தம் நீர்த்து, பரிசோதனையில் எண் இறங்கிவிடுகிறது. அதற்காக எல்லா இறக்கத்தையும் இயல்பென்று விட்டுவிடவும் கூடாது. 11 கிராமுக்குக் கீழே சென்றால் அது ரத்தசோகைதான் என்று கூறி, அதுவரை நாளுக்கு ஒன்றாக இருந்த இரும்புச்சத்து மாத்திரையை இரண்டாக்கினார்.

நான் செய்துவந்த தவறும் அன்றுதான் வெளிப்பட்டது. மறந்துவிடக் கூடாதென்று காலைக் காபியோடு மாத்திரையை விழுங்கி வந்தேன். காபியும் தேநீரும் பாலும் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும் என்பது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து உணவுக்குச் சற்று நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொண்டேன். மலம் கறுத்தபோது அஞ்சவில்லை. அது மாத்திரையின் விளைவே என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

அதுவரை தனித்தனித் தொல்லைகளாக நான் எண்ணியிருந்தவை ஒன்றோடொன்று சேர்ந்து விளங்கத் தொடங்கின. பல் துலக்கும்போது பற்பசை நுரை இளஞ்சிவப்பாக மாறியதும், சளியே இல்லாமல் மாதக்கணக்கில் மூக்கு அடைத்திருந்ததும், ஹார்மோன்களாலும் மிகுந்த ரத்த ஓட்டத்தாலும் ஈறும் மூக்கின் உட்சவ்வும் தடித்ததன் விளைவுகள். மாடிப்படி ஏறுகையில் நெஞ்சு படபடத்ததற்கும் காரணம் இருந்தது. பேறுகாலம் நெருங்கும்போது கருப்பைக்கு மட்டுமே நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் செல்ல வேண்டியிருப்பதால், இதயம் ஓய்வின்போதும் முன்னைவிட வேகமாகத் துடிக்கிறது. முப்பத்து நான்காவது வாரத்தில் ஒருநாள் மல்லாந்து படுத்திருந்தபோது கண் இருண்டு வியர்த்தது. கருப்பையின் எடை முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் பெருஞ்சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுத்திருக்கிறது. இடப்பக்கம் திரும்பிப் படுத்த சில நொடிகளிலேயே தெளிவு வந்தது.

பிரசவத்துக்கு முன் எண் 11.3 ஆக ஏறியிருந்தது. பிரசவத்தில் இழக்கப்போகும் ரத்தத்துக்காக உடல் மாதக்கணக்கில் சேமித்து வைத்திருக்கிறது என்பதை அறிந்திருந்ததால், அந்த நாளை ஓரளவு துணிவோடு எதிர்கொண்டேன். மூன்றாம் நாள் இரவு, நைட்டியும் தலையணை உறையும் பிழியும் அளவுக்கு நனைந்திருக்க விழித்தேன். காய்ச்சலோ என்று பதறி வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 98.4 தான் காட்டியது. சேர்த்துவைத்த நீரை உடல் வியர்வையாகவும் சிறுநீராகவும் வெளியேற்றுகிறது என்று மருத்துவர் விளக்கினார். ஒரு வாரத்துக்குள் மூக்கடைப்பு முற்றிலும் நீங்கியது. இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் இன்னும் ஆறு மாதங்களுக்கு நிறுத்தக் கூடாது என்று தாய் சேய் நல அட்டையில் எழுதித் தந்திருக்கிறார்கள். இப்போது அதை எடுத்துத் தருவது அத்தைதான், எலுமிச்சைச் சாற்றோடு.