அம்மாவின் அலமாரிக்கு ரீப்பர் தட்டு

நவம்பர் 3, 2024, ஞாயிறு

தீபாவளிப் புடவையை மடித்து உள்ளே வைக்கலாம் என்று அம்மா சுவர் அலமாரியைத் திறந்தார். திறந்ததுமே ஈர வாடை. நடுத்தட்டில் அடுக்கின் அடியில் இருந்த கூறைப்புடவையை எடுத்து விரித்தால், மடிப்போரம் முழுக்க ரவை தெளித்த மாதிரி வெள்ளைப் பூஞ்சை, ஓரிடத்தில் பழுப்பேறியும் விட்டது. இங்கே மயிலாடுதுறையில், கூறைநாட்டிலேயே நெய்தது, பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட புடவை, அம்மா தன் கல்யாணத்தன்று கட்டியது. அவர் ஒன்றும் பேசாமல் திண்ணைக்கு எடுத்துக்கொண்டு போய், உலர்ந்த துணியால் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசே சரியில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அடுக்கின் மேலே இருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடப்பாக்கல்லைத் தொட்டுக்கொண்டிருந்ததும் பின்சுவரை ஒட்டியிருந்ததும்தான் பூத்திருக்கின்றன. உள்ளே அந்துருண்டை இருக்கிறது, வசம்பு இருக்கிறது. அதெல்லாம் பூச்சிக்கு, ஈரத்தை அவை என்ன செய்யும்? மழைச்சாரல் அடிக்கிற வடக்குச் சுவர், சில்லென்ற கல், கல்லுக்கும் துணிக்கும் நடுவே காற்று புகுந்து போக வழியே இல்லை.

கல்லை எடுத்துவிட்டு, இடைவெளி விட்ட மரத்தட்டு போடப் போகிறேன். அம்மா ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: "நானே கழட்டி வெயில்ல காயவைக்கிற மாதிரி இருக்கணும், ஒவ்வொரு தடவையும் உன்னை எதிர்பார்க்க முடியாது."

நவம்பர் 9, சனி

கொத்தனார் வந்து மூன்று கல்லையும் எடுத்துக் கொடுத்தார். இரண்டு முழுசாக வந்தன, ஒன்று பாதியில் உடைந்தது. கல் சொருகியிருந்த காடியைப் பூசி அடைத்தாயிற்று. உள்ளே பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டு, பூச்சு காய்ந்ததும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். சுண்ணாம்பு பெயின்ட் மாதிரி சுவரை மூடிவிடாது, ஈரம் வெளியேற விடும், பூஞ்சைக்கும் அதன் காரம் ஆகாது. கையில் ஒட்டும் என்பது உண்மைதான். துணி சுவரைத் தொடாமல் தட்டை அமைத்துவிட்டால் அதுவும் பிரச்சினை இல்லை.

நவம்பர் 16, சனி

மரவாடிக்குப் போனேன். ஒன்றரை அங்குல அகலம், முக்கால் அங்குல கனத்தில் தேக்கு ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம், நாலு பக்கமும் இழைத்து வாங்கினேன். அங்கே இருந்த ஆசாரி நான் பொறுக்கி வைத்ததில் பாதியைத் திருப்பி வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார்த்து, முறுக்கு இல்லாததாக எடுத்துக் கொடுத்தார். "வளைஞ்சதை ஸ்க்ரூ போட்டு இழுத்துக்கலாம் தம்பி, முறுக்குனதை ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

ஸ்க்ரூ எல்லாம் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வாங்கினேன். இரும்பு ஸ்க்ரூ ஈரத்தில் தேக்கோடு சேர்ந்தால் சுற்றிலும் கறுப்பாகக் கறை இறங்கும், அது புடவைக்கு வந்தால் போகவே போகாது.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று அளவு மட்டும்தான் எடுத்தேன், ஆனால் பாதி நாள் போய்விட்டது. உள்ளகலம் முன்பக்கம் 35¼ அங்குலம், பின்பக்கம் 34¾. அரை அங்குலம் குறுகுகிறது. கதவு நிலையின் திறப்போ 33 அங்குலம்தான். அதாவது தட்டு வாசலைவிட நீளம். நேராக நுழையாது, ஒரு முனையை ஒரு அடிக்கு மேலே தூக்கிச் சாய்த்து உள்ளே விட்டு, பிறகு இறக்க வேண்டும். அதனால் தட்டுக்குத் தட்டு 15 அங்குலம் விட்டேன், மேல்தட்டை எடுக்காமலே கீழ்த்தட்டைக் கழற்றலாம்.

ஆழம் 18 அங்குலம். முழுத்தட்டாகச் செய்தால் அம்மாவுக்குக் கனம். முன்பாதி, பின்பாதி என்று ஒவ்வொரு தட்டையும் இரண்டாகப் பிரித்துவிட்டேன். பாதிக்கு நாலு ரீப்பர், நடுவே முக்கால் அங்குல இடைவெளி, அகலம் 8¼ வருகிறது. இரண்டு பாதிக்கும் நடுவே அரை அங்குலம், பின்சுவருக்கு ஒரு அங்குலம் விட்டால் கணக்கு சரியாக உட்காருகிறது.

நவம்பர் 23, சனி

பக்கச் சுவர்களில் தாங்குசட்டம் அடித்தேன். ரசமட்டம் வைத்து இடது பக்கம் கோடு போட்டு, அதே மட்டத்தை வலது பக்கத்துக்குக் கொண்டுபோனேன். சுவர் பழசு. இரண்டு இடத்தில் செங்கல் பொடிந்து துளை பெரிதாகிவிட்டது, பிளாஸ்டிக் பிளக் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இரண்டிலும் தேக்குத் துண்டைச் சீவி ஆப்பாக அடித்து இறக்கி, அதில் ஸ்க்ரூ போட்டேன். இப்போது சட்டத்தில் தொங்கிப் பார்த்தாலும் அசையவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

தட்டு கட்டும் வேலை. தரையில் நாலு ரீப்பரைப் பரப்பி, முக்கால் அங்குலத் துண்டு ஒன்றை இடையிடையே சொருகி இடைவெளி பிடித்து, அடியில் இரண்டு குறுக்குச்சட்டம். குறுக்குச்சட்டத்தை முனையிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி வைத்ததுதான் இதில் முக்கியம். தட்டு இறங்கும்போது அது இரண்டு தாங்குசட்டத்துக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும், இடவலமாக நகராது, ஸ்க்ரூவும் தேவையில்லை.

முதல் இரண்டு பாதியையும் 35 அங்குலத்துக்கே அறுத்துவிட்டேன். பின்பாதி சுவரில் சிக்கி நின்றது. கழற்றி, 34½க்கு அறுத்த பிறகுதான் இறங்கியது. சுவரில் சிக்காமல் ஏற்றி இறக்க அந்தக் கால் அங்குலம் வேண்டும். இப்போது அடியில் பென்சிலால் "மு", "பி" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

விளிம்பையெல்லாம் உப்புத்தாள் போட்டு உருட்டினேன், பட்டு இழை ஒன்றுகூட மாட்டக் கூடாது. கன்னத்தில் தேய்த்துப் பார்த்தால் சிராய் இருக்கும் இடம் உடனே தெரிகிறது, விரலுக்குத் தெரியாதது அங்கே தெரியும். பூச்சுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, இரண்டு கை. எண்ணெய் வார்னிஷ் மூடிய அலமாரிக்குள் மாதக்கணக்கில் நாறும், அரக்கில் ஸ்பிரிட் பறந்ததும் வாடையும் போய்விடும்.

டிசம்பர் 1, ஞாயிறு

வாரம் முழுக்க மழை. நேற்றிரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. காலையில் முதல் வேலையாக அலமாரியைத் திறந்தேன். அடியில் கைவிட்டு, ரீப்பர் இடைவெளி வழியாக அடிப்புடவையைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்திருக்கிறது. வாடை இல்லை. பின்சுவர் கைக்கு இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது, அதை வெயில்காலத்தில் வெளிப்பக்கம் பூசித்தான் சரிசெய்ய வேண்டும்.

டிசம்பர் 8, ஞாயிறு

கொஞ்சம் வெயில். நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், நடுத்தட்டின் இரண்டு பாதியும் திண்ணைச் சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருக்கின்றன. அம்மா என்னைக் கூப்பிடவே இல்லை. மாலையில் அவரே உள்ளே விடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வலது முனையைத் தூக்கி, இடது முனையைச் சட்டத்துக்கு மேலே நிறுத்தி, மெதுவாக இறக்கினார். டக்கென்று உட்கார்ந்தது. கூறைப்புடவையில் அந்தப் பழுப்புக் கறை போகவில்லை. அது உள்பக்கம் வரும்படி மாற்றி மடித்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, அடுக்கின் மேலே வைத்தார்.