சாப்பிட்டாயிற்றா?

2012 ஜூலையில் நான் சொன்னது ஒரே வாக்கியம்தான். "உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில் கேட்டுப் பாருங்கள்." கல்விக் கடன் கேட்டு வந்த எத்தனையோ பேரிடம் அதையே சொல்லியிருக்கிறேன். அன்று எதிரே உட்கார்ந்திருந்தவன் என்னோடு பிளஸ் டூ படித்தவன்.

1986இல் பி.எஸ்.ஆர்.பி. நடத்திய வங்கி எழுத்தர் தேர்வுக்கு மதுரை காந்தி மியூசியத்து மரத்தடியில் இருவரும் சேர்ந்து படித்தோம். சேர்ந்து என்பது மரியாதைக்குச் சொல்வது. அவன் கணக்குப் போட்டான், நான் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கூட்டு வட்டியைத் தாளில்லாமலே சொல்லிவிடுவான். ஆங்கிலம் அவனைக் கவிழ்த்தது. நான் வங்கிக்குப் போனேன், அவன் கீழமாசி வீதி மொத்த மளிகைக் கடையில் கணக்கெழுதப் போனான்.

மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தான். நான்கு ஆண்டுக் கட்டணம், விடுதி, புத்தகம் என்று வரிசையாக எழுதி, 3,80,000 என்ற கூட்டுத்தொகையின் கீழே இரட்டைக் கோடு போட்டிருந்தான். நான்கு லட்சம் வரை சொத்து ஈடும் வேண்டாம், வெளியாள் ஜாமீனும் வேண்டாம் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருந்தது.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. கல்விக் கடன்கள் வரிசையாக வாராக் கடனாகிக்கொண்டிருந்த நேரம் அது. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருந்தது. சிநேகிதனுக்குக் கொடுத்துவிட்டார் என்று பேச்சு வரும். இதெல்லாம் உண்மைதான். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல் இருந்தது என்பதும் உண்மை.

"சரி சார்" என்று எழுந்தான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்னைச் சார் என்கிறானே என்று மனைவியிடம் பல முறை குறைபட்டிருக்கிறேன். 'உங்கள் வீடு' என்று தொடங்கியவன் நான்தான் என்பதை அவளிடம் சொன்னதில்லை.

அந்த நவம்பரில் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை வந்தது. வீடு கிளையின் சேவைப் பகுதியில் இல்லை என்ற காரணத்துக்காகக் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்றது. படித்துச் சுருக்கொப்பமிட்டுக் கோப்பில் சேர்த்தேன். அவனுடைய போன் எண் என்னிடம் இருந்தது. கல்லூரி திறந்து மாதங்கள் ஆகிவிட்டனவே, இனி எதற்கு என்று நினைத்தேன். அப்போதே நினைத்தேனா, பிற்பாடு சேர்த்துக்கொண்டதா என்பது எனக்கே நிச்சயமில்லை.

போன மாதம் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மண்டபத்தில் எங்கள் 1982 செட் கூடியது. ஆளுக்கு ஐந்து நிமிடம், வாழ்வின் திருப்புமுனையைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். (யாருக்குத்தான் இந்த யோசனையெல்லாம் தோன்றுகிறதோ!) நான் மியூசியத்து மரத்தடியைச் சொன்னேன், என் கணக்கு வாத்தியார் இவன்தான் என்று கை காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் உட்கார்ந்தபடியே கும்பிட்டான். 2012க்கு நான் வரவில்லை.

பந்தியில் பக்கத்தில் வந்து, "சாப்பிட்டாயிற்றா?" என்றான். "ரிட்டயர் ஆகி எத்தனை நாள் ஆகிறது?" என்றான். மகளைப் பற்றிக் கேட்டேன். "பி.எஸ்சி. கணிதம்தான் படித்தாள். டீச்சராக இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள்."

பொறியியல் முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்த பிள்ளைகளைக் கடன் வசூலுக்குப் போன இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு வகையில் நல்லதாகவே முடிந்தது என்று பஸ்ஸில் தேற்றிக்கொண்டு வந்தேன். கோரிப்பாளையம் தாண்டும்போதுதான் உறைத்தது. மற்றவர்களிடம் "சாப்பிட்டாயாடா?" என்று தோளில் தட்டிக்கொண்டிருந்தவன், நாள் முழுவதும் என்னிடம் நீ என்றும் சொல்லவில்லை, நீங்கள் என்றும் சொல்லவில்லை. இரண்டும் தேவைப்படாத வாக்கியங்களாகவே பார்த்துப் பார்த்துப் பேசியிருக்கிறான். அல்லது அது தற்செயலாகவும் இருக்கலாம்.

செலவுக் கணக்கும் அவன் பொறுப்பில்தான் இருந்தது. என் பங்கு 850 ரூபாய். கிளம்பும்போது இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினேன். மீதியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது" என்றான்.

ஒரு நூறு, ஒரு ஐம்பது. அவன் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு முறை எண்ணினேன்.