புதன்கிழமைப் பொங்கல்

கோத்தகிரிப் பக்கம் பனி விலகும் முன்பே அம்மா கொழுந்து பறிக்கக் கிளம்பிவிடுவார். முந்தின நாள் சோறு மிச்சம் இருந்தால் உண்டு. இல்லையென்றால் வரக்காப்பியோடு நானும் தம்பியும் பள்ளிக்கு நடப்போம். இரண்டாவது பீரியடிலேயே தலை சுற்றும். மதியச் சத்துணவு மணி எப்போது அடிக்கும் என்றுதான் காது காத்துக்கிடக்கும்.

இன்று அதே பள்ளிக்கு அண்ணன் மகளைக் கூட்டிப் போனேன். புதன்கிழமை, பொங்கலும் சாம்பாரும். குளிருக்குக் கை காயவைப்பது போல ஆவி பறக்கும் தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். பார்த்துக்கொண்டே நின்றேன், தொண்டை அடைத்துவிட்டது.

2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இது. 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். எங்கள் அண்ணியும் அதில் ஒருத்தி. இருட்டில் எழுந்து போய் அடுப்பு மூட்டுகிறார், கையில் சம்பளமும் வருகிறது.

சரி, ஒரு ஆசை. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்றுதான் இதைத் தொடங்கினார்கள். ஆறாவது போகும் பிள்ளைக்கும் பசிக்கும்தானே? மலையில் பெரிய பள்ளிக்கு இன்னும் அதிக தூரம் நடக்க வேண்டும். எட்டாவது வரையாவது வேண்டும். அடுத்த கிராம சபையில் எழுந்து கேட்கப் போகிறேன். ஊர்க்காரர்கள் கூட வாங்க.