காலை ஆறரைக்கு மட்டும் வரும் வியாதி

மாமனார் ஓட்டிக் கொடுத்த 2004 மாடல் மாருதி 800 எங்களுடையது. ஊட்டியில் டிசம்பர் பிறந்தால் அதற்கு ஒரு வியாதி வரும். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிடும், அதில் குறை இல்லை. முதல் கியர் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் கூத்து. 'ம்ம்ம்' என்று ஒரு முக்கல், ஒரு நொடி ஒன்றுமே இல்லை, அப்புறம் யாரோ பின்னால் உதைத்த மாதிரி ஒரு பாய்ச்சல். எங்கள் வீட்டு வாசலே ஏற்றம். மெயின் ரோட்டில் பஸ் வருகிற நேரமாகப் பார்த்து வண்டி முக்கினால் வயிற்றில் புளி கரைக்கும்.

ஐந்து நிமிஷம் ஓடினால் போதும், பிறகு பட்டு மாதிரி இழுக்கும். கஷ்டமே அங்கேதான். குன்னூரில் இருக்கும் மெக்கானிக்கிடம் இறங்கிப் போவதற்குள் இன்ஜின் சூடாகிவிடும். அவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "சார், வண்டி நல்லாத்தானே இருக்கு" என்பார். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகும் குழந்தை மாதிரி.

இருந்தாலும் சும்மா அனுப்ப அவருக்கு மனசு வராது. முதல் வருஷம் பிளக் மாற்றினோம். அடுத்த வருஷம் பெட்ரோல் ஃபில்டர், த்ராட்டில் பாடி கிளீனிங். மூன்றாவது வருஷம் பெட்ரோல் பம்ப் வரை போய்விட்டோம். கடைசியில், "மலை மேலே காத்து கம்மி சார், பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துக்கொண்டார். காற்று குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஆறரை மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் ஊட்டி கீழே இறங்கிவிடுவதில்லையே!

முப்பது வருஷம் பள்ளிக்கூட இயற்பியல் லேபில் உதவியாளராக இருந்தவன் நான். சரி, நாமே அளந்து பார்ப்போம் என்று ஒரு ஜனவரி விடியலில் குல்லாய், டார்ச், மல்டிமீட்டருடன் பானெட்டைத் திறந்தேன். புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி.

நான் யோசித்தது இதுதான். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, உள்ளே போகிற குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டக் கூடுதலாக ஊற்ற வேண்டும். பழைய வண்டிகளில் அதற்குத்தான் சோக் குமிழை இழுத்தோம். எங்களுடையது போல பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும் இன்ஜெக்டர் வண்டியில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அதற்குச் சொல்வது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தில் முங்கியிருக்கும் ஒரு சின்ன சென்சார். அது பொய் சொன்னால்?

மெக்கானிக்கிடம் முன்பே கேட்டிருந்தேன். "டேஷ்போர்டுல சூடு காட்டுற முள் கரெக்டா ஏறுது சார், சென்சார் நல்லாயிருக்கு" என்றார். என் வண்டியில் முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறொன்று என்பது பானெட்டுக்குள் குனிந்து ஒயரைத் தொட்டுக்கொண்டு போன பிறகுதான் புரிந்தது. முள்ளுக்குப் போவது ஒற்றை ஒயர், மற்றதற்கு இரண்டு.

இரட்டை ஒயர் சாக்கெட்டைக் கழற்றி மீட்டரை வைத்தேன். குளிர்ந்தால் மின்தடை ஏற வேண்டும், சூடானால் இறங்க வேண்டும். இந்த வகை சென்சாரில் 20 டிகிரிக்குச் சுமார் இரண்டரை கிலோ ஓம், 80 டிகிரிக்கு முந்நூறு ஓமுக்குச் சற்று மேல் என்று கணக்கு. அன்று காலை கொட்டகைக்குள் 8 டிகிரி. மூன்றரைக்கு மேல் காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் 1.2 காட்டியது. பாவம், ஊட்டி உறைபனியில் நின்றுகொண்டு, கரூரில் மதிய வெயிலில் நிற்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பெட்ரோலைக் கிள்ளித்தானே கொடுக்கும்?

உடனே கடைக்கு ஓடவில்லை. மூன்று வருஷம் பார்ட்ஸ் மாற்றி ஏமாந்த ஆள் நான். பழைய லேப் டப்பாவில் ஆரஞ்சு, வெள்ளை, சிவப்புக் கோடு போட்ட ரெசிஸ்டர் ஒன்று இருந்தது, 3.9 கிலோ ஓம். மறுநாள் விடியலில் சென்சாருக்குப் பதிலாக அதன் இரண்டு காலையும் சாக்கெட்டில் செருகி ஸ்டார்ட் செய்தேன். கியர் போட்டு மிதித்தேன். முக்கல் இல்லை! ஏற்றத்தில் தானாக நடந்து போவது மாதிரி ஏறியது. இன்ஜின் சூடான பிறகும் அதை விட்டுவைத்தால் பெட்ரோலை வாரி இறைக்கும் என்பதால் தெருமுனையிலேயே நிறுத்திப் பிடுங்கிவிட்டேன்.

புது சென்சார் சில நூறு ரூபாய்தான். பழையதைக் கழற்றியதும் லேப் புத்தி சும்மா விடுமா? பால் காய்ச்சும் பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் வைத்து அதில் முக்கினேன்: 1.4. அடுப்பில் ஏற்றிக் கொதிக்க விட்டேன். எங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மீட்டர் 200 ஓம் பக்கம் காட்டியது, கிட்டத்தட்ட சரி. உள்ளே ஈரம் இறங்கி மின்சாரத்துக்கு ஒரு குறுக்குவழி கிடைத்திருக்க வேண்டும். சூட்டில் நேர்வழியே சுலபம் என்பதால் பிசகு தெரியாது, குளிரில்தான் குறுக்குவழி வேலை செய்யும். முழுசாக அறுந்திருந்தால் கோளாறு என்று டேஷ்போர்டில் செக் லைட் எரிந்திருக்கும். இதுவோ நம்பத் தகுந்த பொய், கம்ப்யூட்டர் சந்தேகப்படவே இல்லை.

ஈரம் இறங்கியதற்கு நானும் காரணமாக இருக்கலாம். சென்சாருக்கு மேலே இருந்த ஹோஸில் பச்சையாக உப்புப் பூத்திருந்ததைப் பார்த்தும், கூலன்ட் குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றியே காலம் தள்ளியவன். இந்தத் தடவை ஹோஸையும் மாற்றி, நல்ல கூலன்ட் ஊற்றினேன்.

மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இனிமே இப்படி வந்தா ராத்திரியே வண்டியை இங்க விட்டுட்டுப் போங்க சார், காலையில நானே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்குறேன்" என்றார். மூன்று வருஷமாக எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை.

வீட்டில் மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. "ஏங்க, அந்தப் பாத்திரத்துல இனி நான் பால் காய்ச்ச மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அது இப்போது கார் கொட்டகையில் நட்டு போல்ட்டுக்கு ஆகிவிட்டது.