ஜார்ஜியா வைன் வாங்குகிறவர்களுக்கு

ஜார்ஜியா நாட்டு வைன் வாங்கும்போது, பாட்டிலில் ‘க்வெவ்ரி’ என்று இருக்கிறதா என முதலில் பாருங்கள். வாய்வரை மண்ணில் புதைத்த பெரிய களிமண் தாழி அது. அதில் வைன் செய்யும் முறையை 2013-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ர்கட்சிடெலி என்ற வெள்ளைத் திராட்சையை அந்தத் தாழியில் தோலோடு மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள். பொன்பழுப்பு நிறமும் கட்டன் தேநீர் போன்ற துவர்ப்பும் வருவது அதனால்தான். தயவுசெய்து இதை ஐஸில் புதைக்காதீர்கள்! 12 முதல் 14 டிகிரி போதும். அதற்கு மேல் குளிர்ந்தால் மணம் அடங்கி, துவர்ப்பு மட்டுமே நாக்கில் நிற்கும். வால்நட் விழுது தடவிய கத்தரிக்காயோடு பரிமாறுங்கள், அபாரம்.

சிவப்பில் சப்பெராவி திராட்சை வைன். சுட்ட இறைச்சிக்கு அதை மிஞ்ச எதுவுமில்லை. கிண்ட்ஸ்மரவுலி என்ற வைனும் அதே திராட்சைதான், ஆனால் இனிக்கும், தெரிந்து வாங்குங்கள்.