பாட்டியின் ஐசியும் பந்தும்

27 செப்டம்பர் 2025, சனி

தம்பி இன்னும் அறையை விட்டு வெளியே வரவில்லை. மலேசியத் தேசியக் குழுவில் ஆடிய, வெளிநாட்டில் பிறந்த ஏழு பேருக்கும் பன்னிரண்டு மாதத் தடை, காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம், அவர்களின் தாத்தா பாட்டி இங்கே பிறந்தவர்கள் என்று காட்டக் கொடுத்த ஆவணங்கள் போலி என்று ஃபிஃபா நேற்று அறிவித்துவிட்டது. ஜூன் 10 அன்று புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்தில் வியட்நாமை 4-0 என்று புரட்டி எடுத்தோமே, அன்று இவன் மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் முன்பின் தெரியாத ஒரு மலாய்ப் பையனைக் கட்டிப்பிடித்துக் கத்தியதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். அந்த நாலு கோலில் இரண்டு, தடை வாங்கிய ஏழு பேரில் இருவர் போட்டது. இப்போது வீடியோவை அழி என்கிறான். முடியாது.

பாட்டிக்கு இருமல் குறையவில்லை. அவருடைய குடியுரிமை விண்ணப்பத்துக்குக் கடிதமும் வரவில்லை.

29 செப்டம்பர்

கடிதம் இல்லை. மின்சார பில் மட்டும்.

30 செப்டம்பர், செவ்வாய்

இன்றிலிருந்து ஐசியை, அதாவது அடையாள அட்டையைக் காட்டினால் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட். எண்ணெய் நிலையத்தில் சாலை வரைக்கும் காடிகள். கிளினிக்கிலிருந்து பாட்டியை ஏற்றிக்கொண்டு வரும்போது வரிசையில் மாட்டிக்கொண்டேன். பின்சீட்டில் இருந்து கையை நீட்டி, "என்னுதையும் போட்டுப் பாரேன்" என்றார். ஓட்டுநர் லைசென்ஸும் இருந்தால்தான் கிடைக்கும் பாட்டி என்று சொல்லிச் சமாளித்தேன். பொய் இல்லை, ஆனால் காரணம் அது இல்லை என்று இருவருக்கும் தெரியும். மெர்டேக்கா (சுதந்திர தினம்) அன்று பதினெட்டு வயதைத் தாண்டிய குடிமக்கள் எல்லாருக்கும் ஐசி வழியாக 100 ரிங்கிட் கொடுத்தார்களே, அன்றும் இதே கையை நீட்டினார். சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுப்பது. அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதன்மேல் ஒரு கைக்குட்டையைச் சுற்றி வைத்திருக்கிறார்.

எழுபத்து நாலு வயது. இந்த நாட்டை விட்டு சிங்கப்பூர் வரைக்கும்கூடப் போனதில்லை.

7 அக்டோபர்

ஃபிஃபா முழு அறிக்கையை வெளியிட்டுவிட்டது. வேலை நேரத்தில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதைத்தான் படித்தேன். ஒரு ஆட்டக்காரரின் தாத்தா நம் ஆட்கள் கொடுத்த தாளின்படி மலாக்காவில் பிறந்தவர், மூலச் சான்றிதழில் நெதர்லாந்தின் ஹேக். இன்னொருவரின் தாத்தா இங்கே பினாங்கு, அங்கே அர்ஜென்டினா. கூச்சிங்கில் பிறந்ததாகச் சொன்ன தாத்தா ஸ்பெயினில் கெர்னிகாவில் பிறந்திருக்கிறார். பிரேசில் பாட்டி ஒருவர், அவருக்கு ஜொகூர். காற்பந்துச் சங்கம் ஏற்கெனவே நிர்வாகத் தவறு, தொழில்நுட்பத் தவறு என்று சொல்லிவிட்டது.

என் பாட்டி பிறந்தது காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். மருத்துவச்சி பார்த்த பிரசவம். தோட்டத்து டிரசர் (மருத்துவ உதவியாளர்) ஒரு பெரிய புத்தகத்தில் எழுதிக்கொண்டாராம், அதைப் பதிவு செய்யக் கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) போகவேண்டும், கிராணி போனாரா இல்லையா யாருக்கும் தெரியாது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயம் இருந்த இடத்தில் தாமான் (புதுக் குடியிருப்பு), பால்மரம் இருந்த இடத்தில் கோல்ஃப் திடல். டிரசர் புத்தகத்தை எங்கே போய்த் தேடுவது?

குடியுரிமை விண்ணப்பக் கவுண்டரில் ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றுதான்: மூலம் வேண்டும், நகல் செல்லாது.

பாட்டன் பாட்டி யார் என்று தேடிக் கொடுக்க ஆள் இருந்தால் எப்படியெல்லாம் கிடைக்கிறது பாருங்கள். சரி, போதும். எழுத எழுத ரத்தம் கொதிக்கிறது.

10 அக்டோபர், வெள்ளி

ஏழு பேருக்குக் குடியுரிமை கொடுத்தது பற்றி உள்துறை அமைச்சர் மக்களவையில் விளக்கம் சொல்லியிருக்கிறார். அரசியல் சட்டம் தனக்குக் கொடுத்த விருப்புரிமைப்படி, இத்தனை வருடம் இங்கே வசித்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தினாராம். எதிர் மேசை மலாய்க்கார அக்கா நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "உன் பாட்டிக்கு முதலில் தளர்த்தியிருக்கலாம்" என்றார். நான் அவரிடம் பாட்டி விஷயத்தை ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறேன். ஞாபகம் வைத்திருக்கிறார்.

மேனேஜர் சீனர். தான் பூப்பந்து மட்டும்தான் பார்ப்பேன், அதில் யார் தாத்தாவையும் கேட்கமாட்டார்கள் என்றார். பாரிஸ் உலகப் போட்டியில் சென் டாங் ஜீயும் தோ ஈ வெயும் மெர்டேக்கா நாளன்று தங்கம் வாங்கினார்கள், பெர்லி டானும் தினாவும் வெள்ளி. ஒரு சீனப்பெண், ஒரு தமிழ்ப்பெண், ஒரே வலைக்கு ஒரே பக்கம். அதைப் பார்த்து நானும் அழுதவள்தான். ஆனாலும் பூப்பந்தில் நான் திட்டிக் கத்தியதில்லை. காற்பந்து வேறு.

12 அக்டோபர், ஞாயிறு

இன்று முழுக்க பாட்டி தாத்தாவைப் பற்றியே பேசினார், இருமலுக்கு நடுவே. தாத்தா தோட்டத்துக் குழுவின் கோல்கீப்பர். மாலையில் பால் நிறுத்து முடித்துவிட்டு வெறுங்காலோடு திடலுக்கு. தண்டல் (வேலையை மேற்பார்ப்பவர்) மகன் பேக், மலாய்க் கிராணி சென்டர், தோட்டத்துச் சீனக் கடைக்காரர் மகன் ரைட் விங். பக்கத்துத் தோட்டங்களோடு கிண்ணப் போட்டி நடக்கும், ஜெயித்தால் துரை ஒரு ஆடு கொடுப்பாராம். தோற்றால் மறுநாள் நிறுவையில் தண்டல் முறைப்பாராம்.

1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு தாத்தா இருட்டினால் கோலாலம்பூர் பக்கமே போகமாட்டாராம், எந்த வேலையாக இருந்தாலும். ஆனால் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் ஆட்டம் என்றால் போவார். தோட்டத்து லாரியில் எல்லாரும் ஏறி, திரும்பி வர நடுராத்திரி ஆகும். "அங்க மட்டும் பயமில்லையா?" என்று கேட்டேன். "அங்க ஆறுமுகம் நிக்கிறான்ல" என்றார் பாட்டி, இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

ஆர். ஆறுமுகம், தேசியக் குழுவின் கோல்கீப்பர், ஸ்பைடர்மேன் என்பார்கள், நீளக்கை. முன்னால் சோ சின் ஆன், சந்தோக் சிங். மொக்தார் டஹாரி 1975இல் ஆர்சனலுக்கு எதிராக இரண்டு கோல் போட்டதைப் பாட்டி இப்போதும் நேற்று நடந்ததுபோல் சொல்கிறார். 1980 ஏப்ரல் 6, அதே ஸ்டேடியம், தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி. ஜேம்ஸ் வோங் போட்ட கோல், ஹசான் சானி கொடுத்த பந்து, இருவரும் சபா மாநிலத்துக்காரர்கள். அப்புறம் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்த விவகாரத்தில் அரசாங்கம் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, யாரும் போகவில்லை. ஆறுமுகம் 1988இல் கார் விபத்தில் இறந்தார். தாத்தா அன்று சாப்பிடவில்லை.

அந்தக் காலம் தங்கமாக இருந்தது என்று எழுத வரவில்லை எனக்கு. அதே லாரியில் போன ஆளின் பெண்டாட்டிக்குத்தான் இன்றும் ஐசி சிவப்பு. கை தட்ட எல்லாரும் வேண்டும், தாள் என்று வந்தால் வேறு பேச்சு, அன்றும் அப்படித்தான் இருந்திருக்கிறது. இன்றைய தேசியக் குழுவில் நம் பிள்ளைகளைத் தேடித்தான் பார்க்கவேண்டும். தோட்டங்களை உடைத்தபோது குழுக்களும் உடைந்தன, அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவர்களுக்குத் திடல் இல்லை. இந்தியர் விளையாட்டு அமைப்பில் தொடங்கிய குழு, பெயர் மாறிப் பிஜே சிட்டி ஆகி, கடைசியில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவத்தோடு விலகிவிட்டது. தம்பி அந்தச் சட்டையை இன்னும் போடுகிறான், கழுத்துப் பக்கம் நைந்துவிட்டது.

15 அக்டோபர்

நேற்று லாவோஸை 5-1. தம்பி பார்க்கவில்லை. பாட்டி பார்த்தார், ஐந்து கோலுக்கும் கை தட்டினார்.

21 அக்டோபர்

தீபாவளி முடிந்தது. முறுக்கு கொஞ்சம் கருகல். மாமா வந்தவுடன் "என்ன, அர்ஜென்டினாவிலிருந்து ஒரு தாத்தா வாங்கிட்டீங்களா" என்று ஆரம்பித்தார், எல்லாரும் சிரித்தோம், பாட்டி மட்டும் புரியாமல் யாருக்குத் தாத்தா என்று கேட்டார்.

24 அக்டோபர், வெள்ளி

கடிதம் வந்துவிட்டது!! நவம்பர் 6, காலை 8.30, நேர்முகம். எல்லா மூல ஆவணமும் கொண்டுவரவேண்டும் என்று தடித்த எழுத்தில். இல்லாததை எப்படிக் கொண்டுவருவது என்று அம்மா கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை, தம்பி போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்தான்.

29 அக்டோபர்

மலாய் கேட்பார்கள். சந்தையில் மீன் பேரம் பேசும் மலாய் பாட்டிக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் நேர்முக மலாய் வேறு. தம்பி வாத்தியாராகிவிட்டான், சுவரில் சார்ட் ஒட்டி ருக்குன் நெகாரா, நாட்டின் ஐந்து கோட்பாடுகளைச் சொல்லிக்கொடுக்கிறான். முதல் மூன்று கோட்பாடு தடையில்லாமல் வருகிறது, நாலாவதில் நின்றுவிடுகிறார். "எதுக்குடா, அந்த ஆர்ஜென்டினா பையனுங்க இதெல்லாம் சொன்னானுங்களா?" என்று எரிந்து விழுந்தார் இன்று. யாரோ அவருக்கு விஷயத்தைப் புரியவைத்திருக்கிறார்கள், தம்பியாகத்தான் இருக்கும்.

எனக்குப் பயம் ருக்குன் நெகாரா இல்லை. நேர்முகத்தில் இருமல் வந்துவிடுமோ என்றுதான், வந்தால் நிற்பதில்லை. இரண்டு வாக்கியம் பேசினால் மூச்சு வாங்குகிறது. தள்ளிப்போடக் கேட்கலாம் என்கிறாள் அம்மா. தள்ளிப்போட்டால் அடுத்து எப்போது கூப்பிடுவார்கள்? 2018இல் அறுபதைத் தாண்டிய சிவப்பு ஐசிக்காரர்களுக்குக் கொடுக்கப்போகிறோம் என்று பேச்சு வந்தபோது பாட்டி புதுப் புடவை எடுத்து வைத்தார், போட்டோ எடுக்க. அது இன்னும் அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. தள்ளக்கூடாது.

4 நவம்பர்

காற்பந்துச் சங்கத்தின் மேல்முறையீட்டையும் ஃபிஃபா தள்ளிவிட்டது. அடுத்து சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றமாம். அங்கே போய் வாதாட வக்கீல், விமான டிக்கெட், எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. எங்களுக்கு நான் ஒருத்தி, அரை நாள் விடுப்பு.

6 நவம்பர், வியாழன்

புடவை அதேதான். நேர்முகம் எடுத்தவர் சின்ன வயது மலாய்ப் பையன், நல்லவன், "நெனெக்" (பாட்டி) என்று கூப்பிட்டு அவனே எழுந்து போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்தான். நாலாவது கோட்பாட்டில் நின்றபோது அவனும் சேர்ந்து சொன்னான். அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், வேலை, எல்லாம் சரி. தாத்தா பற்றிக் கேட்டபோது பையிலிருந்து குழு போட்டோவை எடுத்துவிட்டார், நாங்கள் யாரும் அதை வைக்கச் சொல்லவில்லை. அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இவர்தான் கோல்கீப்பரா, இவர் யார், இது சீனரா என்று கேட்டுக்கொண்டே இருந்தான், வெளியே வரிசை காத்திருந்தது.

போட்டோ ஆவணம் ஆகாதாம். பாட்டி பிறந்தது தெரிந்த, அவரைவிட வயதில் மூத்த ஒருவர் நேரில் வந்து சத்தியப் பிரமாணம் செய்தால் கோப்பை மேலே அனுப்பலாம். நீல ஐசி உள்ளவராக, அதாவது குடியுரிமை உள்ளவராக இருக்கவேண்டும். எழுபத்து நாலு வயதுக்காரரைவிட மூத்தவர்!

7 நவம்பர்

அந்த ரைட் விங், சீனக் கடைக்காரர் மகன், உயிரோடு இருக்கிறாராம். காப்பாரில் மகளோடு. மாமாவின் நண்பர் மூலம் நம்பர் கிடைத்தது. போனை எடுத்ததும் தமிழில்தான் பேசினார், "கீப்பர் பெண்டாட்டியா, அது பொறந்தப்ப எங்கம்மா மருந்துச் சாராயம் கொடுத்தனுப்பிச்சே" என்று. காது சரியாகக் கேட்கவில்லை, நான் கத்த, அவர் கத்த, பாட்டி போனைப் பிடுங்கிக்கொண்டு எதையோ சொல்லிச் சிரித்தார். நடக்க முடியாது, சக்கர நாற்காலி. நாளைக்குக் காலையில் போகிறோம், என் காடியில் நாற்காலி மடித்து வைக்க இடம் போதுமா என்று தம்பி டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறான்.